ஏரியில் விழுந்த வஞ்சிரம்

சித்தூர் மார்க்கெட்டில் என் மீன்கடையைத் திறந்து பலகைமேல் ஐஸ் கொட்டிக்கொண்டிருந்தபோது சரோஜாவின் போன் வந்தது. "அண்ணா, எழுப்பிக்கினே கீறேன், எழுந்திரிக்க மாட்றாருண்ணா" என்றாள். மேலே கேட்க வேண்டியிருக்கவில்லை. அவள் புருஷன் தேவராஜ், என் பழைய கூட்டாளி, தூக்கத்திலேயே போய்விட்டான்.

அவர்கள் குடியிருந்த குப்பம் டவுனுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது குளிப்பாட்டி மாலை போட்டிருந்தார்கள். திருப்பதியில் நாங்கள் மெஸ் நடத்தியபோது அவன் கையால் சாப்பிட்டுவிட்டு, "உன்னை மறக்க மாட்டோம்பா" என்று தோளில் தட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். லாட்ஜ் முதலாளிகள், கிரானைட் காண்டிராக்டர்கள், ஆபீசர்கள். அன்றைக்கு வந்திருந்தவர்கள் மொத்தமும் ஒரு வேனில் அடங்கும். இதைப் படிப்பவர்களில் வராதவர்களும் இருப்பீர்கள். முக்கியமாக உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

தேவராஜ் நகரிக்காரன். கைத்தறிக் குடும்பம். பவர்லூம் வந்து வீட்டுத் தறி நின்றதும், யாரையும் திட்டிக்கொண்டிராமல் திருப்பதிக்கு வந்து ஓட்டல் அடுப்பில் நின்றான். நான் சாந்திபுரம் பக்கம், சொந்தமாகக் கைப்பிடி மண் இல்லாத வீடு. பெங்களூரில் கட்டட வேலை பார்த்துச் சேர்த்ததில் ஒரு பழைய வேன் வாங்கி, ஐஸும் மீனும் ஏற்றிக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் சேர்ந்து ரயில் நிலையத்துக்குப் பின்னால் மெஸ் போட்டோம். அடுப்பு அவனுடையது, வண்டி என்னுடையது. மலையில் தரிசனம் முடித்து இறங்கியவர்கள் வாசலில் நின்று, ரகசியம் கேட்பதுபோல் "மீன் இருக்கா?" என்பார்கள். "உள்ள வாங்க, சாமி இங்கல்லாம் எட்டிப் பாக்காது" என்பான் தேவராஜ்.

அவன் மீன் வாங்கும் விதமே வேறு. சூளூர்பேட்டை தாண்டி உப்புநீர் ஏரிக்கரைக்குப் போவோம். படகுகள் வந்ததும் மீன் வாங்க வந்த நாங்கள் எல்லாரும் ஏலத்துக்கு ஓடுவோம். அவன் ஏலத்தின் பக்கமே திரும்பமாட்டான். படகுக்காரர்கள் ஏலம் போடும் முன், தங்கள் வீட்டுக் குழம்புக்கென்று கொஞ்சம் மீனைத் தனியாக எடுத்து வைப்பார்கள். அந்தக் கூடையைத்தான் தேடிப் போவான். எங்களுக்கு வழக்கமான படகுக்காரர் ஏழுமலை கத்துவார்: "யோவ், எம் பொண்டாட்டி சட்டிய ஏன்யா எட்டிப் பாக்கற?"

"உம் பொண்டாட்டி இன்னிக்கு இன்னா வெக்கப் போறாங்களோ அதத்தான் நானும் வெப்பேன். விக்கற மீனு ஊருக்கு. நீ துன்ற மீனு எனக்கு."

வீட்டுக் கூடையில் மடவை இருந்தால் மெஸ்ஸில் மடவைக் குழம்பு. நண்டு இருந்தால் நண்டு. ஒன்றும் இல்லையென்றால் அன்றைக்கு மெஸ்ஸில் ரசமும் முட்டையும். வியாபாரத்துக்கு இது சரிப்பட்டு வராது என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் கூட்டம் வந்தது. இன்றைக்கு என்ன என்று தெரியாமல் வந்து உட்காருவதில் ஜனங்களுக்கு ஒரு ருசி இருந்தது.

அந்தக் கூட்டத்தில்தான் பெங்களூர் டூர் கம்பெனிக்காரன் ஒருவனும் உட்கார்ந்திருந்தான். ரோடு அகலமாகிக்கொண்டிருந்த காலம். கம்ப்யூட்டர் வேலைக்காரர்களின் கையில் சம்பளம் புரண்டது, சனி ஞாயிறு எங்கே போவதென்று தெரியவில்லை. காலையில் ஏரிக்கரை, கண்ணெதிரே படகிலிருந்து மீன், மத்தியானம் திருப்பதியில் தேவராஜ் கையால் இலைச் சாப்பாடு என்று கம்பெனி ஒரு பயணம் போட்டது. அமெரிக்காவிலிருந்து லீவில் வந்தவர்கள்கூட வந்தார்கள். முதல் வருஷம் நன்றாகவே போனது. பக்கத்துக் கட்டடத்தையும் பிடித்து மெஸ்ஸைப் பெரிதாக்கினோம். பழைய கூட்டத்துக்கு இடமில்லாமல் போனது. அவர்கள் வேறு கடை பார்த்துக்கொண்டார்கள். அப்போது அது பெரிதாகத் தெரியவில்லை.

பிறகு டூர் கம்பெனி மேனேஜர் ஆரம்பித்தார். "கெஸ்ட்டுக்கு மடவை பிடிக்கல. முள்ளு ஜாஸ்தி. வஞ்சிரம் போடுங்க." வஞ்சிரம் கடல் மீன், ஏரியில் விழாது என்றான் தேவராஜ். "அதை நாங்க பாத்துக்கறோம்" என்றார் அவர். எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் நேரில் பார்த்தோம்.

விருந்தாளிகளின் பஸ் வருவதற்கு முன்பே கரைக்குப் போயிருந்தோம். ஏழுமலை படகில் உட்கார்ந்து, ஐஸில் விறைத்துப்போன வஞ்சிரத்தை வலையில் கட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"இன்னா ஏழுமல, ஏரியில கடலு வந்துடுச்சா?"

"மேனேஜர் மெட்ராஸ்லேர்ந்து கொண்ணாந்து குடுத்தாருப்பா. வலைய இஸ்தா பெருசா ஏதாவது வரணுமாம். மீன் புடிச்சு வர்றத வுட இதுக்குக் கூலி ஜாஸ்தி. நான் இன்னா பண்ணட்டும்?"

அவரைத் தேவராஜ் ஒன்றும் சொல்லவில்லை. பஸ் வந்தது. வலையை இழுத்தார்கள். வெள்ளி மாதிரி மீன் மேலே வந்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். அந்த மீன்களை ஏற்றிக்கொண்டு திருப்பதிக்குத் திரும்பும் வழியில் நான் சொல்லிப் பார்த்தேன்.

"கண்ண மூடிக்கோயா. சினிமாவுல ஹீரோவா பாடறான்? யாராவது கேக்கறானா?"

"சினிமாவ எவனும் துன்றதில்ல."

"கெட்டுப்போன மீனா குடுக்கற? நல்ல மீன்தானே?"

"மீனு நல்லதுதான்யா. துன்றவன் நம்மள நம்பி வாயத் தொறக்கறான். அங்க நின்னுக்கினு எப்டிப் பொய் சொல்றது?"

மெஸ்ஸுக்கு வந்து சமைத்தான். அன்றைக்குச் சமைத்ததைப்போல் அவன் அதற்கு முன் சமைத்ததில்லை. இலை போட்டு எல்லாம் பரிமாறியபின், கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு நடுவில் வந்து நின்றான். "இது ஏரி மீனு இல்லிங்க. மெட்ராஸ் மார்க்கெட்ல வாங்கி வலையில கட்டி வுட்டது. நீங்க கை தட்டினதெல்லாம் பொய்யி. இப்பத் துன்றீங்களா, வேணாமா, சொல்லுங்க."

மேனேஜர் முகம் செத்துவிட்டது. அவ்வளவுதான், இலையை மடக்கிவிட்டு எழுந்துவிடுவார்கள் என்று நான் நினைத்தேன். ஒரு பெண் தன் செல்போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "பரவால்ல அங்கிள், போட்டோ சூப்பரா வந்திருக்கு." பக்கத்திலிருந்தவன் சிரித்தான். "எல்லா டூர்லயும் இப்படித்தான் அங்கிள். டேஸ்ட் நல்லா இருந்தா போதும். இன்னொரு பீஸ் கிடைக்குமா?"

அவர்கள் திட்டியிருந்தால் தேவராஜ் தாங்கியிருப்பான். கேட்டவனுக்கு இன்னொரு துண்டு வைத்துவிட்டு உள்ளே போனான். அடுப்பை அணைத்துவிட்டு மாவு மூட்டைமேல் உட்கார்ந்தான். நான் எதிரில் போய் நின்றேன். "அவங்களுக்குத் தெரிஞ்சாலும் ஒண்ணுதான், தெரியலனாலும் ஒண்ணுதான். அப்ப நான் யாருக்குய்யா ஆக்கிக்கினு இருந்தேன்?" என்று கேட்டான்.

கம்பெனி வேறு ஓட்டலுக்கு மாறியது. பெரிய கட்டடத்துக்கு வாடகை கொடுக்க முடியாமல் மெஸ்ஸை மூடினோம். என் பிழைப்பையும் சேர்த்துத்தான் அவன் அந்த ஹாலில் உடைத்தான், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல். வெகுநாள் நான் அவனோடு பேசவில்லை. இன்றைக்கும் அது எனக்குச் சரியென்று படவில்லை. செத்துப்போனவன் என்பதற்காக மாற்றிச் சொல்ல மாட்டேன். அவன் குப்பத்தில் ஒரு மாணவர் விடுதியில் சேர்ந்து, கடைசி வரை சாம்பாரும் புளிசோறும் கிண்டினான். மீனைத் தொடவே இல்லை. நான் சமாதானமாகி ஒருமுறை நல்ல கொடுவா மீன் எடுத்துப் போனேன். "சரோஜா வெப்பா, குடு" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான்.

பதினாறாம் நாள் காரியத்தன்று அந்த மேனேஜர் சரோஜாவுக்குப் போன் செய்தார். அந்தப் பயணம் இன்னும் நடக்கிறது. "அம்மா, ட்ரிப்புக்கு சார் பேரையே வைக்கலாம்னு கம்பெனியில ஆசைப்படறாங்க. நல்ல போட்டோ ஒண்ணு அனுப்புங்க."

சரோஜா கேட்டாள்: "இப்பவும் வலையில வஞ்சிரந்தான் வுழுதா?"

"அம்மா, அது வந்து..." என்று அவர் இழுத்தார்.

"வுழுதுன்னா உம் பேரையே வெச்சிக்கோ நைனா" என்று வைத்துவிட்டாள்.

நான் இப்போது சித்தூரில் மீன்கடை வைத்திருக்கிறேன். படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலத்தில் எல்லாக் கடையிலும் "இன்று வந்த மீன்" என்று போர்டு தொங்கும். என் கடையில் மட்டும் "பழைய ஐஸ் மீன்" என்று எழுதி வைக்கிறேன். படித்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போகிறார்கள். அங்கே விற்பதும் என்னோடு ஒரே லாரியில் வந்த மீன்தான். வியாபாரி என்ற முறையில் சொல்கிறேன், இது சுத்த முட்டாள்தனம். யாரும் மெச்சுவதில்லை, யாருக்கும் கவலையுமில்லை. அந்த போர்டை எடுத்துவிடலாம் என்று வருஷா வருஷம் நினைக்கிறேன், கை வருவதில்லை. தேவராஜிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இந்த நஷ்டம்தான். இதை வேறு யார் தலையிலும் கட்டவும் எனக்கு மனசில்லை.