தம்பிக்கு வந்த ‘இடியோபதிக்’ நோய்

இன்று தம்பியைப் புதுக்கோட்டையில் நுரையீரல் டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

"என்ன வேலை பாத்தீங்க?" என்று கேட்டார்.

"விவசாயங்க" என்றான் தம்பி.

பாதி ஆயுள் கல் கிரஷரில் தூசியைத் தின்றவன். நான் வாயைத் திறந்தேன். மேஜைக்கடியில் என் காலை மிதித்தான்.

ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "இது இடியோபதிக்" என்றார் டாக்டர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான் நான், அகராதியை விடவில்லை. நோய்க்குக் காரணம் தெரியாதபோது போடும் சொல் அது.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். "ஏன்டா பொய் சொன்ன?"

"ஒங்களுக்கென்ன அண்ணே. எம்மகன் இப்ப அதே கிரஷர்லதானே வேலை பாக்குறான்? பேச்சுக் கெளம்புனா நாளைக்கே நிப்பாட்டிருவாங்க." சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

திருமயத்துக்கு முன்னால் அந்த மகனே வேலை முடிந்து பஸ்ஸில் ஏறினான். தலைமுடி, புருவமெல்லாம் வெள்ளைத் தூசி.

"பெரியப்பா, டாக்டரு என்ன சொன்னாரு?"

தம்பி முந்திக்கொண்டான். "காரணம் தெரியலையாம்ப்பா."

காரணம் மகன் புருவத்தில்தான் ஒட்டியிருந்தது. தெரிந்தும் சொல்ல முடியாத காரணத்துக்கு இங்கிலீஷில் ஒரு சொல் இருந்தால் எழுதுங்கள். அதையும் மனப்பாடம் செய்துகொள்கிறேன்.