போகியன்று நடக்காத சண்டை

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த ஆண்டின் தொடக்கத்தில் ஏழு வாரம் மலாக்காவின் காஜா பெராங்கில் ஒரு மாடியறையில் கிடந்தேன். புக்கிட் பாரு இறக்கத்தில் சைக்கிளோடு விழுந்ததில் வலது கால் முறிந்து, தொடையிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு. படிக்கட்டு ஏணியைப் போலச் செங்குத்தானது. இறங்க வழியில்லை. சன்னலுக்குக் கீழே தெரிந்த துண்டுச் சாலைதான் எனக்கு ஊர்.

பார்க்க வருகிறவர்கள் இருவர். ஒருவன் தமிழ்ப்பள்ளி ஆசிரியன். மற்றவன் பின்சந்தில் குடியிருந்த மலாக்காச் செட்டி. பல தலைமுறைகளுக்கு முன்பே இங்கே வந்து, கோயிலையும் சடங்கையும் காத்துக்கொண்டு, பேச்சில் மலாய்க்கு மாறிவிட்ட குடும்பம் அவனுடையது. முதல் வாரம் கடந்ததும் இருவருக்கும் பேச்சு தீர்ந்துவிட்டது. அவர்கள் தொடர்ந்து வரவேண்டுமே என்றுதான் அந்த விளையாட்டை உண்டாக்கினேன்.

பழைய நாட்காட்டித் தாளின் பின்புறம் ஒரு தீவை வரைந்து இரண்டு அரசுகளாகப் பிரித்தேன். படைகளுக்குக் குண்டூசிகள். இரு படைகள் ஓர் ஊரில் சந்தித்தால் சண்டையை டாம் என்ற காய்வெட்டும் ஆட்டத்தில் தீர்க்கவேண்டும். செட்டி வீட்டு வாசல் சிமெண்டு பெஞ்சில் கட்டங்கள் வரைந்திருந்தன. சோடா மூடிகளே காய்கள். ஜெயித்தவனுக்கு எத்தனை மூடி மிச்சமோ அத்தனை படை. ஆடி முடித்து மேலே வந்து சொல்வார்கள். நான் நாள், நேரம், ஊர், மிச்சம் எல்லாம் எழுதி ஊசியை நகர்த்துவேன். நோட்டில் ஏறியதே முடிவு. பிறகு கச்சான் கடலை கொறித்தபடி விளக்கேற்றும்வரை சண்டையைப் பற்றியே சண்டை போடுவார்கள்.

போகியன்று மாலை ஆறரைக்குச் செட்டி நண்பன் தூக்குப்பாத்திரத்தில் படையல் சோறு கொண்டுவந்தான். அன்று அவர்கள் வீட்டில் முன்னோருக்கு இலைபோட்டுப் படைத்துவிட்டு, அவர்கள் உண்ணட்டும் என்று எல்லோரும் வெளியே காத்திருப்பார்கள். காலையிலிருந்து வெளியாள் யாரும் வரவில்லை, வாசல் பெஞ்சு முழுக்கக் கழுவிய பானைகளும் வாழையிலையும்தான் என்று மலாயில் சொன்னான். அதையும் நாட்குறிப்பில் எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை இருவரும் வந்தார்கள்.

"சண்டை முடிஞ்சிருச்சு லா. எனக்கு மூணு மிச்சம், இவன் அவுட்டு," என்றான் ஆசிரியன்.

"எப்போ ஆடுனீங்க?"

"போகி அன்னிக்கு மத்தியானம். ஞாயித்துக்கிழமைதானே, சும்மாதான இருந்தோம்."

தமிழ் புரியாத செட்டி நண்பன், தோல்வியை ஒப்புக்கொள்கிறவனைப் போல "பெத்துல், பெத்துல்" என்று தலையாட்டினான். ஆமாம், ஆமாம் என்று.

பேனா தாளில் நின்றுவிட்டது. கண்ணால் பாராத மழையைக்கூட நாட்குறிப்பில் 'கேள்விப்பட்டது' என்று குறிக்கிறவன் நான். எந்தப் பெஞ்சில் ஆடினீர்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் வெட்கப்படுவார்கள். வெட்கப்பட்டவன் அந்தப் படிக்கட்டில் மறுபடி ஏறமாட்டான். கட்டுப் பிரிக்க இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

"என்னடா, மை தீந்துபோச்சா? மூணுன்னு எழுது."

எழுதினேன். ஞாயிறு, நண்பகல், மூன்று.

அதற்குப் பிறகு முடிவுகள் வேகமாக வந்தன. நான் எதையும் விசாரிப்பதில்லை என்று கண்டுகொண்டார்கள். எனக்குத் தேவை ஓர் எண் மட்டும் என்றும் நினைத்திருப்பார்கள். முதலில் நின்றபடியே சொன்னார்கள், பிறகு படிக்கட்டின் அடியிலிருந்து. கடைசியில் சாலையில் மணியடித்துக்கொண்டே "டேய், நாலு மிச்சம்!" என்ற குரல் மட்டும் வந்துபோனது. ஊசிகள் தீவு முழுக்க ஓடின. அவர்கள் உட்காரும் நாற்காலிகள் இரண்டும் சுவரோரம் கிடந்தன. யாருக்காகப் பொய்யை எழுதினேனோ அவர்களை அந்தப் பொய்யே கீழே நிறுத்திவிட்டது.

ஒரு நாள் பிற்பகல் இருவரும் சன்னலடியில் சைக்கிளை மெதுவாக்கினார்கள்.

"தெக்குக் கோட்டை விழுந்துருச்சுடா! எனக்கு அஞ்சு!"

எடுத்த பேனாவைக் கீழே வைத்தேன்.

"என்னது? கேக்கல!"

"லீமா!" என்று செட்டி நண்பன் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினான்.

முகத்தைச் சன்னலிலிருந்து விலக்கிக்கொண்டு, "ஒண்ணும் கேக்கலடா. மேல வந்து சொல்லு," என்றேன்.

கீழிருந்து ஆசிரியனின் குரல்: "இவனுக்குக் காலுதானே ஒடஞ்சிச்சு, காதுமா?"

சைக்கிள்களைச் சுவரில் சாய்க்கும் ஓசை கேட்டது. நோட்டில் தேதியை மட்டும் எழுதிவிட்டுக் காத்திருந்தேன்.