ஒரு பொட்டு வெயில் வராத வீடு

திரைச்சீலை தைப்பவர் என்று சொன்னால் மாஸ்டருக்குக் கோபம் வரும். தைக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள், வெளிச்சத்தை நிறுத்த நான் ஒருத்தன்தான் என்பார். சும்மா சொல்லக்கூடாது, வேலையில் மன்னன். பகலில் தூங்க வேண்டியவர்கள் எல்லாம் அவரைத்தான் தேடி வருவார்கள். கனத்த துணிக்குப் பின்னால் கறுப்பு உள்துணி வைத்து, சுவரோடு ஒட்டித் தொங்கவிட்டு, கதவைச் சாத்தி, "இப்ப உங்க கை எங்க இருக்குன்னு பாருங்க" என்பார். வாடிக்கையாளர் இருட்டில் தன் கையைத் தேடும்போது இவருக்கு அப்படியொரு ஆனந்தம்.

வீடே பட்டறை. முன்னறையில் தையல் மெஷின், பின்னறை முழுக்கத் துணிச் சுருள்கள். ஒரு தடவை பெரிய வீட்டு ஆர்டர் ஒன்று, நல்ல நீலத் துணி, ஜன்னலோரம் கிடந்து மடிப்போரங்களில் வெளுத்துப்போனது. அந்த வீட்டம்மா நாலு பேர் முன்னால் விரித்துக் காட்டிவிட்டார். மாஸ்டரின் மானம் கப்பலேறியது. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக எல்லா ஜன்னலுக்கும் இரட்டைத் திரை போட்டார். அதன்பிறகு சூரியனுக்கும் அந்த வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

கையால் ஓரம் மடித்துத் தைப்பது அவர் மனைவி. முன்பெல்லாம் துணியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். பக்கத்து மாடிப் பெண்களோடு வாய் ஓயாமல் பேசிக்கொண்டே தைப்பாள். அவள் சிரித்தால் தெருமுனை வரை கேட்கும். நீலத் துணி வெளுத்த கையோடு அதற்கும் தடை வந்தது. "மாடியில வெச்சுத் தைக்காத, துணி வீணாயிடும்" என்றார். அவளும் சரிங்க என்று டியூப் லைட்டுக்கு அடியில் உட்கார்ந்தாள். கடை கண்ணிக்குக்கூட அவரே போய்வந்தார். வேலை நிறைய, அவள் ஏன் அலைய வேண்டும்? தன்னை நல்ல புருஷன் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

நாளாக ஆக அவளுக்குக் கால் வலி, இடுப்பு வலி. பிறகு பல் தேய்த்தால் ஈறில் ரத்தம். கொஞ்சம் வாடையும் இருந்தது. மாஸ்டர் முகத்தைச் சுளிப்பார். "ஒழுங்கா தேய்க்கிறியா இல்லையா?"

"ரெண்டு வேளையும் தேய்க்கிறேங்க."

"தேய்க்கிற அழகு தெரியுது."

ஒரு விடுமுறை நாளில் அவருடைய அக்கா வீட்டுக்குப் போனார்கள். அக்கா ஆப்பிளைத் தட்டில் வைத்தாள். மனைவி ஒரு கடி கடித்தாள். வெள்ளைச் சதையில் சிவப்பாக ரத்தம். அக்கா வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டார். மாஸ்டர் சும்மா இருந்திருக்கலாம். அவருக்குத்தான் நாலு பேர் முன்னால் வெட்கம் தாங்காதே. முந்திக்கொண்டு, "பல்லு தேய்ன்னா கேட்டாத்தானே? பிரஷுக்கும் அவளுக்கும் சண்டை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரிக்கப் போனாள், பாதியில் கை வந்து வாயை மூடிக்கொண்டது.

அந்தக் கை பிறகு இறங்கவே இல்லை. பேசினாலும் கை, கொட்டாவி விட்டாலும் கை. அந்த வீட்டுக்குப் போனால் பசிக்கவில்லை என்பாள். அக்கா வீட்டுக்காரர் நல்ல மனுஷன்தான், ஆனால் ஒரு ஜோக் கிடைத்தால் விடமாட்டார். போகும்போதெல்லாம், "என்ன தங்கச்சி, பிரஷோட சமாதானம் ஆயாச்சா?" என்பார். வீட்டில் அவளோ கெட்டியான பிரஷ் வாங்கிவரச் சொல்லி, பாத்திரம் துலக்குகிற மாதிரி பல்லைத் தேய்த்தாள். ரத்தம் இன்னும் கூடியது.

பல் டாக்டரிடம் போகலாமா என்று ஒருநாள் கேட்டாள். அந்தப் பக்கத்தில் இருப்பது ஒரே பல் மருத்துவமனை. அங்கே திரை போட்டதும் மாஸ்டர்தான். "அந்தம்மா நம்ம கஸ்டமர். இந்த வாயைக் கொண்டுபோய் அங்க காட்டணுமா?" என்று ஆறப்போட்டார். ஒரு பல் ஆட ஆரம்பித்து, அவளால் கஞ்சிகூடக் குடிக்க முடியாமல் போனபோதுதான் கூட்டிக்கொண்டு போனார்.

டாக்டர் சின்ன வயதுக்காரி. பார்த்தார், படம் எடுத்தார், உடம்பு வலியைப் பற்றிக் கேட்டு ரத்தப் பரிசோதனைக்கும் அனுப்பினார். முடிவு வந்ததும் இருவரையும் உட்காரவைத்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் மாஸ்டர் முந்திக்கொண்டார்: "ஒழுங்கா தேய்க்கிறதில்லம்மா. எவ்வளவு சொன்னாலும் கேக்கிறதில்ல."

"தேய்க்காம இல்ல. அழுத்தித் தேய்ச்சு ஈறையே புண்ணாக்கி வெச்சிருக்காங்க" என்றார் டாக்டர். "ஈறுக்குக் கீழ கிருமி படிஞ்சிருக்கு, அதைச் சுத்தம் பண்றேன். ஆனா வைட்டமின் டி ரொம்பக் கம்மியா இருக்கு. அது மட்டுமே காரணம்னு சொல்லமாட்டேன். அது குறைஞ்சா ஈறு வீக்கத்தை அடக்குற தெம்பு உடம்புக்குக் குறையும். பல்லைப் பிடிச்சிருக்கிற எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து சேரவும் அது வேணும். மாத்திரை தரேன். வெயில்ல இருப்பீங்களாம்மா?"

மனைவி வாயிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள். "வெயிலாங்க? எங்க வீட்டுல ஒரு பொட்டு வெயில் வராதுங்க. இவர் போட்ட திரை. அவ்வளவு சுத்தமான வேலை."

குத்தலாகச் சொல்லியிருந்தால்கூட மாஸ்டர் தாங்கியிருப்பார். அவள் பெருமையாகச் சொன்னாள். வாடிக்கையாளர்களிடம் அவர் சொல்லும் அதே வார்த்தைகள், அவர் சொல்லும் அதே தோரணை. டாக்டர் ஒரு தடவை தன் அறையின் திரையைப் பார்த்தார், ஒரு தடவை மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா அந்தப் பல்லைக் காப்பாத்தப் பாத்திருக்கலாம்" என்றார் டாக்டர். முன்பக்கத்துப் பல். அன்றே எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மாஸ்டர் ஏணி போட்டு ஏறி எல்லாத் திரைகளையும் கழற்றிப் போட்டார். பெரிய தியாகம் செய்கிறவர் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்.

"ஜன்னல் கண்ணாடி வழியா வந்தா பத்தாதாம். தோல்ல நேரா படணும்னு சொன்னாங்களே. நீங்க அப்ப கவனிக்கல."

அவர் கவனிக்கவில்லைதான். திரையைக் கழற்றிப் போட்டு நல்லவனாகிவிடலாம் என்று பார்த்தவருக்கு அந்த வழியும் அடைபட்டது. ஏணியைச் சாத்திவைத்துவிட்டு, துணியையும் பாயையும் தானே மாடிக்குச் சுமந்தார். துணி வெளுத்தால் வெளுக்கட்டும். அவள் பழையபடி மாடியில் உட்கார்ந்து தைத்தாள். மாத்திரை சாப்பிட்டாள், சொன்ன தேதிக்கெல்லாம் போய் ஈறைச் சுத்தம் செய்துகொண்டாள், மெத்தென்ற பிரஷுக்கு மாறினாள். நாளடைவில் ரத்தம் நின்றது. கால் வலியும் விட்டது. கை மட்டும் வாயை விட்டு இறங்கவில்லை. பக்கத்து மாடிக்காரி என்ன சொன்னாலும் கைக்குப் பின்னாலிருந்துதான் பதில்.

அதற்கு மருந்து எங்கே இருக்கிறது என்று மாஸ்டருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே தள்ளிப்போட்டார். கடைசியில் அக்கா கூப்பிட்டுவிட்டாள், போனார்கள். உட்கார்ந்த உடனே அக்கா வீட்டுக்காரர் வழக்கம்போல ஆரம்பித்தார்.

"என்ன தங்கச்சி, பிரஷோட சமாதானம்..."

"மச்சான், அந்தப் பேச்சு வேண்டாம்" என்றார் மாஸ்டர். "அவ ஒழுங்காத்தான் தேய்ச்சா. வெயிலே படாம அடைச்சு வெச்சது நான். டாக்டர்கிட்ட போலாம்னு கேட்டப்ப, கௌரவம் பாத்துத் தட்டிக் கழிச்சதும் நான். பல்லு போனது என்னாலதான். அன்னிக்கு உங்க முன்னாடி பழியை அவ மேல போட்டுட்டேன்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். அவள் வீட்டுக்காரருக்கோ அப்போதும் ஜோக்கை விட முடியவில்லை.

"அப்ப ஊர்ல இருக்கிற திரைய எல்லாம் விட்டுட்டு, முதல்ல இவன் மூளைக்குப் போட்ட திரையக் கழட்டணும்" என்றார்.

அக்கா சிரித்துவிட்டாள். மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். அப்போது பக்கத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தது, தெருமுனை வரை கேட்கிற அந்தப் பழைய சிரிப்பு. அவர் சட்டென்று நிமிர்ந்தார். அவள் இரண்டு கையும் மடியில் கிடக்க, வாய் கொள்ளாமல் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். இதைத் திரும்பப் பார்க்க மாட்டோமா என்றுதான் அவர் ஏங்கிக்கொண்டிருந்தார். சிரிப்புக்கு நடுவில் அந்தப் பல் இல்லாத இடம் பளிச்சென்று தெரிந்தது. மாஸ்டரால் அதற்குமேல் பார்க்க முடியவில்லை.