கடைக் கதவில் ஒரு கினிக்காரர்

மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த வருடம் அது. பாரிஸில், லா ஷப்பலில் ஒரு தமிழ்க் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். கூட வேலை செய்தவர் ஒரு கினிக்காரர். எங்களோடு அரிசி மூட்டை இறக்கியே யாழ்ப்பாணத் தமிழைப் பிடித்துக்கொண்டவர். வாசிக்க மட்டும் தெரியாது.

உண்மையைச் சொல்கிறேன், அவரைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். வருடம் தவறாமல் ஊருக்குப் போவார். அகதியாகப் பதிந்த எனக்கோ எந்த நாட்டுக்கும் போகலாம், இலங்கைக்கு மட்டும் முடியாது. அப்பா இறந்தபோது பாரிஸ் புறநகரான லா கூர்னெவில் என் அறையில் இருந்து கைத்தொலைபேசியில்தான் கொள்ளி வைப்பதைப் பார்த்தேன். அடுத்த மாதமே இந்த மனிதர் தம்பியின் கலியாணத்துக்கென்று பெட்டி கட்டினார். அவர் கொண்டுவந்து தந்த கச்சான் கடலையை நான் வாயில் வைக்கவில்லை.

அந்த வருடம் முழுக்க அவர் காதில் வானொலிதான். கடை திறந்ததும் செய்தி சொல்வார். ஊரில் தொற்றுநோயாம், பெரிய பாடகர் ஒருவர் போய்விட்டாராம், முன்னாள் மந்திரி போய்விட்டாராம். பிறகு ராணுவத்தினர் ஜனாதிபதியையே பிடித்துவைத்து எல்லைகளை மூடினார்கள். அந்த நேரம் பார்த்து அவருடைய அப்பா கிராமத்தில் கண்ணை மூடினார். அடக்கம் முடிந்த செய்திதான் இவருக்கு வந்தது.

அன்று அவர் மூட்டையைத் தொடவில்லை. கடைக் கதவையே பார்த்தபடி நின்றார். எங்கள் ஆட்கள் யார் இறந்தாலும் படம் போட்டு, பிள்ளைகள் மருமக்கள் பெயரோடு மரண அறிவித்தல் அச்சடித்து அங்கே ஒட்டுவோம். முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்தால் கழற்றிவிடுவார்கள். என் அப்பாவின் படத்தை மட்டும் நான் கழற்ற விடவில்லை.

"அண்ணை, உங்கட நாட்டில கிழமைக்கொரு பெரியாள் சாகிறார். உங்கட அப்பாவும் மந்திரியோ?" என்று அந்தப் படங்களைக் காட்டிக் கேட்டார்.

"இல்லை, தோட்டம் செய்தவர். இது எல்லாருக்கும் ஒட்டுறது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்கட ரேடியோ பெரியாக்களைத்தான் சொல்லும். என்ர அப்பாவை ஒருத்தரும் சொல்லேல்லை. நீங்கள் குடுத்து வைச்சனீங்கள். எனக்கு உங்களிலை பொறாமையாக் கிடக்கு."

என்னில் பொறாமையா! முதலில் கோபம்தான் வந்தது. பிறகு முதலாளியிடம் போய், இவருடைய அப்பாவுக்கும் ஓர் அறிவித்தல் அடித்து ஒட்டுவோம் என்றேன்.

"அது எங்கட ஆக்களுக்கெல்லோ?" என்று முதலாளி முணுமுணுத்தார்.

"அவரும் எங்கட கடை ஆள்தானே அண்ணை," என்றேன்.

மறுநாள் ஒட்டினோம். 'கினியைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட' என்று எங்கள் வழக்கப்படியே எழுதியிருந்தேன். எபினேயில் இருந்து மரக்கறி வாங்க வந்த அக்கா ஒருவர் அதை வாசித்துவிட்டு நேரே அவரிடம் போனார்.

"தம்பி, அப்பாவுக்கு என்ன வருத்தம் வந்து மோசம் போனவர்?"

அவர் சொல்லத் தொடங்கினார். அன்று வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தார். என் அப்பாவை இத்தனை பேர் விசாரிக்கவில்லை. அதற்கும் எரிந்தது, பொய் சொல்வானேன்.

எல்லை திறந்ததும் அவர் ஊருக்குப் போனார். எனக்கு இன்னும் முடியவில்லை, இன்னும் எரிகிறது. ஆனால் நான் ஏங்கியதெல்லாம் கையில் இருந்த ஒரு மனிதர் என் அப்பாவின் வெளுத்த படத்தைப் பார்த்து ஏங்கி நின்றாரே, அதை நினைக்கும்போது மட்டும், கொள்ளி வைக்க முடியாத நானும் அப்பாவுக்கு ஏதோ செய்திருக்கிறேன் என்று மனம் ஆறுகிறது.