மச்சினன் பேசிய அறிமுகக் கூட்டம்

1997 ஜூலை 2. புதியவர்கள் 9 பேர். பேச்சு 50 நிமிடம்.
2004 பிப்ரவரி 11. 16 பேர். 50 நிமிடம்.
2012 மே 7. 22 பேர். 50 நிமிடம்.
2022 நவம்பர் 14. 19 பேர். 50 நிமிடம்.
2023 செப்டம்பர் 13. 27 பேர். 35 நிமிடம்.

கடைசி வரியைத் தவிர மற்ற எல்லாக் கூட்டத்திலும் பேசியவர் ஒருவர்தான். பெயிண்ட் கம்பெனியின் பதிவேட்டுப் பிரிவில் இருந்த அவரை எல்லோரும் ரிஜிஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு கம்பெனியை அறிமுகப்படுத்தும் பேச்சு இருபத்தாறு வருடமாக அவருடையது. வருகிற மார்ச்சில் ஓய்வு. அதற்கு முன் இரண்டு கூட்டம் பாக்கி இருந்தது. இரண்டிலும் தானே பேசிவிட்டுப் போக வேண்டும் என்பது அவர் ஆசை.

ஆகஸ்ட் 28ஆம் தேதி முதல் கடிதம் வந்தது. இந்த முறை விற்பனைப் பிரிவிலிருந்து ஒருவர் பேசுவார், பழைய ஃபைலை அவரிடம் கொடுக்கவும் என்றிருந்தது. அந்த ஒருவர் அவருடைய மனைவியின் தம்பி. 2012இல் இவரே சொல்லி உள்ளே சேர்த்துவிட்டவன். அன்று மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து இவர் பேச்சைக் கேட்டுக் கொட்டாவி விட்டவன்.

"தம்பிக்கு எவ்வளவு பெரிய பொறுப்பு பாத்தீங்களா?" என்றாள் மனைவி.

"பாத்தேன், பாத்தேன். பேசறதுதானே, அவனுக்குச் சொல்லியா தரணும்?"

"உங்களுக்கு வயிறு எரியுது."

"எனக்கு எதுக்கு எரியணும்?" என்று சொல்லிவிட்டு அன்று அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

ஃபைலைக் கொடுத்தார். ஆனால் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எழுதிய தாளில் அடித்துத் திருத்தவே மாட்டார். மாற்றம் வந்தால் தேதி போட்டுத் தனிச் சீட்டு எழுதி, சீட்டுகளையெல்லாம் ஓர் உறையில் போட்டு மேசை டிராயரில் வைத்திருப்பார். பேசும்போது இரண்டையும் பார்த்துப் பேசுவார். கடிதத்தில் ஃபைல் என்றுதான் இருந்தது, உறை என்று இல்லை. கேட்டால் கொடுக்கலாம் என்று இருந்துவிட்டார். மச்சினன் கேட்கவில்லை. அப்படி ஒன்று இருப்பது அவனுக்குத் தெரிந்தால்தானே கேட்பான்?

செப்டம்பர் 10, ஞாயிறு. மச்சினன் லேப்டாப்போடு வீட்டுக்கு வந்து கூடத்துச் சுவரில் படம் காட்டிப் பேசிப் பார்த்தான். "கையில எந்தக் கலர் ஒட்டியிருக்குன்னு பாத்தா எந்த செக்‌ஷன்னு சொல்லிடலாம். ஒண்ணுமே ஒட்டலைன்னா அவர் மேனேஜர்." ரிஜிஸ்டர் இருபத்தாறு வருடமாகச் சொல்லிவந்த ஜோக் அது. ஒரு கூட்டத்தில் நாலு பேருக்கு மேல் சிரித்ததாக அவரிடம் கணக்கில்லை. இன்று அவர் மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

பதினெட்டாவது படத்தில் கம்பெனி வரைபடம் வந்தது. தீ விபத்து மணி அடித்தால் எல்லோரும் வடக்கு கேட்டில் கூட வேண்டும் என்று சிவப்பில் போட்டிருந்தான். அது பழைய ஏற்பாடு. வடக்கு கேட் வழியாகத்தான் தீயணைப்பு வண்டி உள்ளே வரும் என்பதால், கூடும் இடத்தை சைக்கிள் ஷெட்டுக்கு மாற்றி இரண்டு வருடமாகிவிட்டது. அந்தச் சீட்டு உறைக்குள் இருந்தது. 2021 ஆகஸ்ட் 9. விற்பனைக்காக ஊர் ஊராகச் சுற்றும் மச்சினன் அதற்குப் பிறகு நடந்த எந்தத் தீ ஒத்திகையிலும் இருந்ததில்லை.

"அத்தான், தப்பு ஏதாவது கண்ணுல பட்டா சொல்லுங்க. உங்களுக்குத் தெரியாததா?"

வாய்வரை வந்துவிட்டது. மனைவி இன்னும் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

"எழுத்தைக் கொஞ்சம் பெருசா போடு" என்றார்.

13ஆம் தேதி அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். மேனேஜர் ஜோக்குக்கு இருபத்தேழு பேரும் சிரித்தார்கள், மேனேஜரும் சிரித்தார். முடிந்ததும் ஐந்து பேர் மச்சினனோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பதினெட்டாவது படத்தை மட்டும் பல பேர் கவனமாகக் குறித்துக்கொண்டதை அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

21ஆம் தேதி காலை 11.10க்குத் தீ ஒத்திகை மணி அடித்தது. பழைய ஆட்கள் சைக்கிள் ஷெட்டுக்குப் போனார்கள். புதியவர்கள் இருபத்தேழு பேரும் வடக்கு கேட்டில் போய் வரிசையாக நின்றார்கள். தீயணைப்பு வண்டி வெளியே நின்று ஹாரன் அடித்தது. வண்டிக்கு வழி கிடைக்க நாலு நிமிடம் ஆனது.

"இது நெஜத் தீயா இருந்திருந்தா?" என்று பாதுகாப்பு அதிகாரியம்மா எல்லோர் முன்னாலும் மச்சினனைக் கேட்டார். மறுநாள் விளக்கம் கேட்டு அவனுக்கு இரண்டாவது கடிதம்.

மேனேஜர் ரிஜிஸ்டரைக் கூப்பிட்டார். "சார், நவம்பர் கூட்டத்துல நீங்களே பேசிடுங்க. ஒத்திகை அறிக்கையையும் எழுதிக் கொடுத்துடுங்க."

ஆசைப்பட்டது கைக்கு வந்துவிட்டது. மேசைக்கு வந்து பேனாவைத் திறந்தார். 'பழைய வரைபடம் காட்டப்பட்டது' என்று எழுதினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். யாரும் மேலே கேட்கப்போவதில்லை. ஆனால் ஒரு பிழைக்குக் காரணம் எழுதாமல் அவர் இதுவரை பக்கத்தை மூடியதில்லை. ஒரு மணி நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுதினார்: 'திருத்தச் சீட்டு பதிவேட்டுப் பிரிவில் இருந்தது, கொடுக்கப்படவில்லை. பிழை செப்டம்பர் 10 அன்றே என் கண்ணில் பட்டது, தெரிவிக்கவில்லை.' கையெழுத்துப் போட்டார்.

அறிக்கை விஷயம் தெரிந்ததும் மனைவி இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தம்பியே வந்து, "விடுக்கா, அத்தான் வேணும்னா செய்வாரு?" என்றான்.

"வேணும்னுதான் செஞ்சேன்" என்றார் அவர்.

மச்சினன், "சரி விடுங்க அத்தான். உங்க ஜோக்கைக் கேக்காம எடுத்துக்கிட்டவன்தானே நான்" என்று சிரித்தான். இவ்வளவு சுலபமாக மன்னிக்க அவனால் முடிகிறதே என்று அதற்கும் அவருக்கு எரிந்தது.

நவம்பர் கூட்டத்திலும் இனி வரும் கூட்டங்களிலும் மச்சினனே பேசுவார், பதிவேட்டுப் பிரிவு சீட்டுகள் உட்பட எல்லாவற்றையும் அவரிடம் ஒப்படைக்கவும் என்று மூன்றாவதாக ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு இந்த விஷயமாக வேறு கடிதம் இல்லை. அந்த மூன்றாவது கடிதத்தை அவர் வாங்கிக் கையெழுத்துப் போட்ட தேதி 2023 அக்டோபர் 17, செவ்வாய்.