பூட்டியிருந்த வீடு

பாரிவாக்கத்து மக்களின் ஆரோக்கியத்தைக் கணக்கெடுக்க ஒருவர் டேப்லெட்டோடு எங்கள் ஃபிளாட்டுக்கு வந்தார். நான் உள்ளறையில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். வீட்டு வேலை செய்யும் அக்காதான் வாசலில் நின்று, என் சுகரையும் என் மனைவியின் பிரஷரையும் மூச்சு இளைக்க இளைக்கச் சொன்னார். சொன்னவருக்கு என்ன உடம்பு என்று அந்த ஆள் கேட்கவே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே வந்து அக்காவிடம் கேட்டேன்.

"உங்க வீட்டுக்கு வந்தாங்களாக்கா?"

"காலைல வந்தாங்களாம் சார். ஊடு பூட்டி கீதுன்னு எழுதிக்கினு போய்ட்டாங்க. நான் இங்க கீறேன், வேற யாரு தொறப்பா?"

கணக்கெடுக்க வந்தவரைத் திட்ட வாய் திறந்தேன். அந்த இளைப்பு அவர் காதில் பத்து நிமிடம்தான் விழுந்தது. என் காதில் மூன்று வருடமாக விழுகிறது.