கோழிக்குப் போன கட்டில்

அப்பா மேல் எனக்கு இருக்கும் கோபங்களில் மூத்தது ஒரு இரும்புக் குழாயால் வந்தது. இத்தனை வருஷம் ஆகியும் அது ஆறவில்லை, ஆற விடவும் போவதில்லை.

அயனம்பாக்கத்தில் எங்கள் வீட்டுப் பின்புறம் ஆறு நாட்டுக்கோழிகள் வளர்த்தோம். அதில் புள்ளிக்கோழி என்னுடையது. நூம்பலில் இருக்கும் சித்தி எனக்கென்றே கொடுத்தது. அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். கூண்டுக்குள் கோழிகள் ராத்திரி உட்கார ஏதாவது வேண்டும் என்று அம்மா கேட்டதுதான் தாமதம், கம்பெனியில் கழித்துப்போட்ட குழாய்களை வாங்கிவந்து, மாடிப்படி மாதிரி மூன்று தட்டாக வெல்டு வைத்து, பச்சை பெயிண்டும் அடித்துவிட்டார். ரசமட்டம் வைத்துப் பார்த்தார். நூல் பிசகவில்லை. கோழிகளை மட்டும் கேட்கவில்லை.

பெயிண்ட் அடித்த உருண்டைக் குழாயில் கோழிக்குக் கால் நிற்குமா? வழுக்கிக்கொண்டே இருந்தன. மூன்று தட்டு வைத்ததில் இன்னொரு வினை. எல்லாவற்றுக்கும் மேல்தட்டுதான் வேண்டும். தினமும் பொழுது சாயும்போது ரகளை. புள்ளிக்கோழி சாது, அதைக் கொத்திக் கொத்தித் தள்ளின. நாலாம் நாள் மேலிருந்து விழுந்து நொண்ட ஆரம்பித்தது.

அம்மா வந்தவாசிப் பக்கம், கோழியோடு வளர்ந்தவள். “மரச்சட்டமா போடுங்க. தட்டையா இருக்கணும், எல்லாம் ஒரே மட்டத்துல இருக்கணும். அப்பதான் சண்ட போடாது” என்று முதல் நாளே சொன்னாள். நொண்டியதும் மறுபடி சொன்னாள். அன்று ஞாயிற்றுக்கிழமை, அப்பாவின் கூட்டாளிகள் இரண்டு பேர் வந்திருந்தார்கள்.

“மாடு மேய்ச்சுகினு இருந்தவளுக்கு வெல்டிங்கப் பத்தி இன்னா தெரியும்? நொண்டியா பூட்ச்சுன்னா அறுத்துக் கொழம்பு வையி” என்றார் அப்பா. அவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அம்மா காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வாயில் என்ன கொழுக்கட்டையா என்று அவள் மேலும் எனக்கு ஆத்திரம்.

மறுநாள் எனக்குப் பள்ளி லீவு. அப்பா வேலைக்குக் கிளம்பியதும் அம்மா அவருடைய ரம்பத்தை எடுத்தாள். அம்மாவும் அப்பாவும் படுக்கிற, தாத்தா கல்யாணச் சீராகக் கொடுத்த தேக்குக் கட்டில் உள்ளறையில் இருந்தது. மெத்தையைச் சுருட்டி ஓரம் வைத்தாள், கட்டிலைக் கழற்றினாள், நீளச் சட்டத்தைப் பின்பக்கம் இழுத்துவந்து சரிபாதியாக அறுத்தாள். நான் பிடித்துக்கொண்டேன். முனைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தட்டைப் பக்கம் மேலே வர, இரண்டையும் ஒரே உயரத்தில், முழங்கால் மட்டத்துக்குப் பொருத்தினாள். பச்சைக் குழாய் வேலியோரம் போனது.

சாயங்காலம் ஆறும் வரிசையாக ஏறி, இறகால் காலை மூடிக்கொண்டு உட்கார்ந்தன. புள்ளிக்கோழிக்கும் இடம் இருந்தது. ஒரு கொத்து இல்லை.

அப்பா வந்தார். கூண்டைப் பார்த்தார், அறையைப் பார்த்தார்.

“கட்டில் எங்கடி?”

“கோழிக்குப் போட்டுட்டேன்.”

தெருவே கேட்கிற மாதிரி கத்தினார். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள், தலையே நிமிரவில்லை. அன்றிலிருந்து அவர் ஹாலில் பாய் போட்டுப் படுத்தார். அம்மா உள்ளறையில் என்னோடும் தம்பியோடும் தரையில் படுத்தாள்.

தீபாவளி போனஸ் வந்ததும் அப்பா ஒரு பெரிய கட்டிலை லோடு ஆட்டோவில் ஏற்றிவந்து, அவரே உள்ளறையில் பூட்டி, ஆடுகிறதா என்று நாலு முறை ஆட்டிப் பார்த்தார். அம்மா புது விரிப்பு போட்டாள். சுவரோரம் தம்பியையும், நடுவில் என்னையும் படுக்கவைத்து, விளிம்பில் தான் படுத்துக்கொண்டாள். அப்பா கொஞ்ச நேரம் அறை வாசலில் நின்றுவிட்டு ஹாலுக்குப் போனார்.

கட்டில் நாலு பேருக்குக் காணாது, அதனால்தான் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் அகலமாக வாங்கத் தெரியவில்லையே இந்த அப்பாவுக்கு என்று அதற்கும் அவர் மேலேயே கோபப்பட்டேன்.